முப்பத்திரண்டு இஞ்ச் டிவி

பழைய டிவியைக் குறை சொல்லியே ஒரு வருடத்தைப் போக்கிவிட்டோம். என் தம்பி உதயரூபனுக்குப் பார்வை குறைந்துகொண்டு வருவதை வீட்டில் ஒருவரும் காணவில்லை. கண்டுபிடித்தவர் மட்டக்களப்பு டவுனில் டிவி விற்கிற ஒரு மனிதர். நானோ அதே டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். கண்ணுக்கு விடுகிற மருந்தை நாளுக்குப் பத்துப் பேருக்காவது எடுத்துக் கொடுக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உதயனுக்கு இருபது வயது. டிவியில் பூட்டி விளையாடுகிற பந்து கேம் இருந்தால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வருடா வருடம் வந்தாறுமூலையில் பொடியன்கள் சேர்ந்து வைக்கும் போட்டியில் இரண்டு தரம் அவன்தான் கப் எடுத்தான். மூன்றாம் வருடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பக்கத்தால ஓடி வாறவன் தெரியிறானில்லக்கா. நம்மட டிவில பழகிப் பழகி எல்லாம் பிழைச்சிப் போச்சு. ஓரமெல்லாம் மங்கல்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றேன். அம்மாவும் சிரித்தார், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் டிவியைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் நான் அந்தப் பழமொழியையே எடுத்து வீசினேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவியை ஒட்டினாற்போல் இருக்கிறது. அப்பா அழகரத்தினம் வாவியில் மீன் பிடிக்கிறவர். பொழுதுபடும் நேரத்தில்தான் வலை போடப் போவார். போன வருடம் ஒருநாள் உதயனையும் கூட்டிக்கொண்டு போனார். தோணியில் ஏறப் போனவன் தோணியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்தான். இடுப்பளவு தண்ணீர்தான், ஆனாலும் விழுந்து எழும்பி நடுங்கிக்கொண்டு வந்தான். கருக்கல் நேரம், கரையில் எதையோ கண்டு பயந்திருக்கிறான் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பயந்தவனைக் கண் டாக்டரிடமா கொண்டு போவார்கள்? கோயில் பூசாரியாரிடம் கொண்டு போனோம். அவர் தண்ணீர் ஓதி முகத்தில் எறிந்து, வலது கையில் கறுப்பு நூல் கட்டினார். அவன் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அதோடு அவன் பின்னேரத் தோணிக்கு வர மறுத்துவிட்டான். அப்பாவுக்குப் பெரிய மனவருத்தம்.

"கேம் விளையாடக் கை வருது, வலை இழுக்க மட்டும் கை வருகுதில்ல" என்று டிவிக்கு முன்னால் வேண்டுமென்றே குறுக்கும் மறுக்கும் நடப்பார்.

"மறைக்காதீங்கப்பா!" என்று இவன் கத்துவான்.

"நான் என்ன கண்ணாடியாடா, ஊடால தெரியிறதுக்கு?" என்பார் அப்பா. வீட்டில் தினமும் நடக்கிற கூத்து இது.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோது என் சீட்டு விழுந்தது. பெரிய டிவி ஒன்று வாங்கித் தருகிறேன், அதற்குப் பிறகும் தோற்றால் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லி அவனைக் கூட்டிப் போனேன். தன் கேம் பெட்டியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். பாதையில் ஏறினோம். வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்லுவோம். ஏறும்போது என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். எருமை மாடு மாதிரி வளர்ந்தும் இன்னும் சின்னப் பிள்ளைப் பழக்கம் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பெயர் நளீர். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். கேமுக்கு என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"கேமுக்கெண்டா ரெண்டு விசயம் பாக்கணும் தங்கச்சி. கறுப்பு சாம்பலாத் தெரியாம கறுப்பாவே தெரியணும். தம்பி பட்டனை அமத்தின உடனே ஆள் ஓடணும், யோசிச்சி யோசிச்சி ஓடப்படாது."

அறுபத்தைந்து இஞ்ச் டிவி ஒன்றில் கேம் பெட்டியைப் பூட்டினார். படம் வந்ததும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். மைதானத்துப் புல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. விளையாடுகிறவனின் நெற்றியில் வியர்வை கூடத் தெரிந்தது.

உதயன் விளையாடத் தொடங்கினான். ஐந்து நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினான். பந்து விளையாட்டில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் வலப்பக்கத்தால் சிவப்புச் சட்டைக்காரன் ஓடி வருவது எனக்கே பட்டப் பகல்போலத் தெரிந்தது.

"வலப்பக்கம் பாருடா!"

அவன் கண்ணைத் திருப்பவில்லை. கழுத்தோடு முகம் முழுவதையும் திருப்பினான். அதற்குள் பந்து போய்விட்டது. பிறகு ஓரடி பின்னால் வைத்தான். இன்னும் ஓரடி. அப்படியே பின்னுக்குப் போய், வரிசையாக நின்ற துணி கழுவும் மெஷின்களில் முதுகு முட்ட நின்றான். அங்கே நின்று அழகாக விளையாடினான்.

"இவ்வளவு எட்டவா நிண்டு விளையாடுவாய்? நம்மட வீட்டில இவ்வளவு இடம் எங்கடா?" என்றேன்.

அவன் கடையின் மூலைக்குப் போனான். அங்கே சலூன்காரர்கள் வாங்கிப் போகிற சின்ன டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு இஞ்ச். படமும் வெளிறிப் போனது.

"இது போதும்க்கா."

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஒரு வருசமா டிவி சரியில்ல, டிவி சரியில்ல எண்டு என்ட உயிரை எடுத்தாய். இப்ப ராசா மாதிரி டிவியைக் காட்டினா இந்தத் தரித்திரத்தைக் கேக்கிறாய். என்னை விசரியாக்கிறியா?"

"ஏசாதக்கா. பெருசில பாதிதான் தெரியுது. இதில முழுசாத் தெரியுது."

நளீரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் உதயனுக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பி, என்ட மூக்கையே பாருங்க. கண்ணை அங்கால இங்கால எடுக்கவேணாம்." இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்களை ஆட்டியபடி மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டு வந்தார். "கை தெரியிற நேரம் சொல்லுங்க." கைகள் அவர் தோளுக்கு நேரே வந்தும் உதயன் பேசவில்லை. அவருடைய கன்னங்களைத் தொடுமளவுக்கு வந்த பிறகுதான், "இப்ப தெரியுது" என்றான்.

"பொழுதுபட்டா நடக்கக் கஷ்டமா?"

"ஓம். இருட்டினா ஒண்டும் தெரியாதுதானே? எல்லாருக்கும் அப்பிடித்தானே?" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டான்.

வாவிக்கரையில் பிறந்தவர்கள் நாங்கள். பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் ஆனாலும் எங்களுக்குத் தண்ணீரும் தெரியும், தோணியும் தெரியும்.

"எங்கட ராத்தா ஸகியாக்கும் இப்பிடித்தான் துவங்கின. கவனமில்லாதவ, கவனமில்லாதவ எண்டு நாங்களும் ஏசித் திரிஞ்ச" என்று தன் அக்காவைப் பற்றிச் சொன்னார் நளீர். கேம் பெட்டியைக் கழற்றி வயரைச் சுற்றி அவனுடைய பைக்குள் வைத்தார். "இண்டைக்கு உங்களுக்கு நான் டிவி விக்கமாட்டன் தங்கச்சி. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

பெரியாஸ்பத்திரியில் மூன்று தரம் வரச் சொன்னார்கள். கண்ணுக்குள் இருக்கும் திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். இதைத் தடுக்க மருந்தில்லை. நடுவில் இருக்கிற பார்வை சில வருடம் நிற்கலாம், அதற்கு மேலும் நிற்கலாம், சொல்ல முடியாது.

"அம்மா அப்பா சொந்தமா?"

"அப்பா அம்மாக்குச் சொந்த மச்சான்" என்றேன். எங்கள் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்லுவோம். அன்றைக்கு அந்தச் சொல் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல வாயிலிருந்து விழுந்தது.

"கேம் விளையாடித்தான் இப்பிடி ஆனதா டாக்டர்?"

"இல்லையம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

ஆம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசினதற்கு ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும்.

திரும்பி வரும்போது பொழுதுபட்டுவிட்டது. பாதையில் உதயன் என் கைப்பை வாரைப் பிடித்தான். நான் பையைத் தோளில் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதை நடு வாவிக்கு வந்ததும், "அக்கா, டிவி எடுப்பமா? இப்ப எடுத்தாத்தானே பாக்கலாம்" என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது. அந்த இருட்டில் அது அவனுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த கிழமை அந்த முப்பத்திரண்டு இஞ்ச் டிவியை வாங்கினேன். நளீர் தானே ஓட்டோவில் ஏற்றி வந்து, பாதையடி வரைக்கும் கொண்டு வந்து தந்தார்.

அப்பாவிடம் விசயத்தைச் சொன்னதிலிருந்து அவர் வாவிக்குப் போகவில்லை. அம்மா அழுதார், நேர்த்தி வைத்தார், திரும்பவும் அழுதார். அப்பா மட்டும் வலையை மடியில் போட்டுக்கொண்டு, பொத்தல் இல்லாத இடத்தையும் தடவிக்கொண்டு இருந்தார்.

டிவி வந்த அன்று பின்னேரம் உதயன் எட்டக் கதிரை போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நன்றாகவே விளையாடினான். அப்பா எழும்பி வந்து டிவிக்கு முன்னால் நின்றார். நான் கத்தலை எதிர்பார்த்தேன். உதயன் கத்தவில்லை.

"மனே, என்னைத் தெரியுதா?"

"தெரியுதப்பா."

அப்பா இரண்டு கைகளையும் அகல விரித்தார். தோணியில் வலை வீச நிற்கும்போது அப்படித்தான் நிற்பார். "இப்ப எவ்வளவு தெரியுது?"

"முகம் தெரியுது."

"கை?"

"கை தெரியல்லப்பா. முகம் மட்டும்தான்."

அப்பா கைகளைத் தொங்கவிட்டார். நகரவில்லை. அவருக்குப் பின்னால் டிவியில் ஆட்கள் ஆரவாரித்தார்கள், யாரோ கோல் போட்டார்கள், திரும்பவும் போட்டார்கள். உதயன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விலகுங்கள் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் தம்பி ஏழு கோலால் தோற்றான்.