உச்சி வெயிலில் ஒரு கோல்கீப்பர்

சாயங்காலம் நடக்க வேண்டிய ஆட்டத்தை உச்சி வெயிலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மகள் சொன்னதும் தையல்காரர் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டார்.

போன வருடம் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தவளுக்குக் கன்னமெல்லாம் சிவந்து தடித்தது. மூட்டு மூட்டாக வீங்கி, விரலை மடக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெயில் அதிகம் பட்டால் கிளம்பிவிடும் நோய். "விளையாடலாம். ஆனா முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் வேணும். வேர்வையில கரைஞ்சிடும், இடைவேளையில மறுபடி பூசணும்," என்றார் டாக்டர். அதற்காகவே அவள் கோல்கீப்பர் ஆனாள். முழுக்கையும் கையுறையும் போட்டால் ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். அணியில் ஒருத்திக்கும் விஷயம் தெரியாது. நெருக்கி நெய்த துணியில், கழுத்துவரை ஏறும் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார் அப்பா.

"வாங்க. ஆனா மைதானத்துக்குள்ள மட்டும் வந்துடாதீங்கப்பா, மானம் போயிடும்," என்று வாக்கு வாங்கித்தான் கூட்டிவந்தாள்.

முதல் பாதி முழுக்க அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் நெற்றியைத் துடைக்கும்போதெல்லாம், "போச்சு, கிரீமும் போச்சு," என்று முணுமுணுத்தார்.

இடைவேளையில் நிழலுக்கு வருவாள் என்று கிரீமும் கையுமாக நின்றார். வரவில்லை. கோல் வாங்கிய ஆத்திரத்தில் கோச் எல்லோரையும் நட்டநடு மைதானத்தில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். தையல்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாக்காவது ஒன்றாவது என்று ஓடினார்.

"சார், பெத்தவங்க உள்ள வரக் கூடாது," என்று கோச் மறித்தார்.

"இல்லைங்க, பாப்பாவுக்கு... வெயில் ஒத்துக்காது."

"வெயில் யாருக்கு அங்கிள் ஒத்துக்கும்?" என்றாள் ஒருத்தி. குபீரென்று சிரிப்பு. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவர் கிரீமை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்பா சும்மா சொல்லலடி," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடியே. "எனக்கு ஒரு வியாதி இருக்கு. வெயில் அதிகமாப் பட்டா ஆஸ்பத்திரிதான். உங்ககிட்ட சொல்லல."

கிரீமைப் பிடுங்கிப் பூச ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. கோச் எல்லோரையும் மரத்தடிக்கு விரட்டினார். சிரித்தவளே வந்து, "காதுக்குப் பின்னாடி விட்டுட்ட பாரு," என்று பூசிவிட்டாள்.

ஆட்டம் தோல்விதான். சாயங்காலம் அவள் கன்னம் சிவந்திருந்தது. ஆடிய களைப்பா, நோயா? அவருக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. "இப்படி உத்துப் பாத்தா இன்னும்தான் சிவக்கும், விடுங்கப்பா," என்று படுக்கப் போனாள்.

காலையில் கன்னம் தெளிந்திருந்தது. ஆனால் நடுவிரல் வீங்கியிருந்தது. அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். "வேற எங்கயும் ஒண்ணுமில்ல. இது பந்து பட்ட வீக்கம். ஐஸ் வைங்க, போதும்."

"பந்துதானே டாக்டர்? வெறும் பந்துதானே?"

மகள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.