சூளை ஸ்டாப்

எண்பதுகளில் தாராபுரம் ரோட்டில் எழும்பிய பனியன் கம்பெனிகளில் பாதி, லிங்கசாமியின் சூளையில் வெந்த செங்கல்தான். மண் தீர்ந்து பள்ளம் மட்டும் மிஞ்சியபோது, அதில் பனியன் கழிவைக் கொட்டி மூடி, மேலே அவரும் ஒரு கம்பெனி கட்டினார். முதல் வேலையாக ரோட்டோரம் தம் செலவில் ‘லிங்கா எக்ஸ்போர்ட்ஸ் பஸ் ஸ்டாப்’ என்று பலகை நட்டார். ஏற்றுமதி இன்னும் ஈரோட்டைத் தாண்டவில்லை.

தொண்ணூற்று மூன்றில் மகளுக்குச் சம்பந்தம் கூடியது. பெண்ணைக் கோயிலில் பார்த்தாயிற்று. பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார்கள்.

“ஏனுங்க, சூளையில எறங்கச் சொல்லுங்க. கண்டக்டருக்கெல்லாம் அதுதான் தெரியும்” என்றாள் மனைவி பூவாத்தாள்.

“சம்பந்திகிட்டப் போயி சேறு மிதிச்ச கதையவா சொல்றது? எக்ஸ்போர்ட்ஸ் ஸ்டாப்புன்னு சொல்லியாச்சு.”

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூ வைத்தாக வேண்டும். லிங்கசாமி கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்கப் பலகையடியில் நின்றார். பஸ் வந்தது. வழக்கம்போலப் பலகையைத் தாண்டி, முன்பு செங்கல் லாரி நின்ற புளியமரத்தடிக்குப் போய் நின்றது.

“சூளை எறங்கறவங்க இருக்கீங்களா?”

“நாங்க எக்ஸ்போர்ட்ஸ் ஸ்டாப்புங்க” என்றது சம்பந்தி சுப்பண்ணனின் குரல்.

“இந்த ரூட்ல அப்படியொரு ஸ்டாப்பே இல்லீங்களே. அவிநாசிபாளையத்துல எறங்கி விசாரிங்க.”

விசில். ஜன்னலில் பூத்தட்டு நகர்ந்தது. லிங்கசாமியின் வாய்வரை வந்த ‘சூளை’ என்ற சொல் பல்லுக்குள் சிக்கிக்கொண்டது. பஸ் வேகமெடுக்கவும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“நிறுத்துங்க சாமி. சூளைதானுங்க. எல்லாரும் சூளையிலயே எறங்குங்க.”

சுப்பண்ணன் இறங்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அந்தச் சூளைக்காரருங்களா நீங்க? எங்க ஊட்டுச் செவுரு உங்க கல்லுங்க. ஆணி அடிச்சா ஆணிதான் வளையுது. இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?”

அவ்வளவுதான். வீட்டுக்குள் உட்கார்ந்ததும் லிங்கசாமி தொடங்கினார்: மண்ணை ஊறப்போட்ட பக்குவம், மிதித்த பக்குவம். அவரளவுக்குப் பக்குவம் தெரிந்தவன் கொங்கு நாட்டில் பிறக்கவே இல்லையாம்.

பூவாத்தாள் கடிகாரத்தைப் பார்த்தாள். “ஏனுங்க, நீங்க சூளை பத்த வெக்கறதுக்குள்ள ராகு காலம் வந்துரும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

அவர் பேச்சை நிறுத்தாமலே தள்ளி உட்கார்ந்தார். மகள் தலையில் பூ ஏறியபோது, அவர் இன்னும் அச்சில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.