பத்து சென்டிமீட்டர் கோடு

முதுகெலும்பு வாதம் முதுகின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிடும். சங்கிலியின் கண்ணிகளைப் பற்றவைத்தால் அது கம்பியாகிவிடுமல்லவா, அப்படி. எவ்வளவு பூட்டியிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். அந்த மனிதனால் குளிக்க முடியுமா, சட்டை மாட்ட முடியுமா என்பது தெரியாது. அதை அளக்கத்தான் 1995-ல் டாக்டர் லோகநாதன் ஒரு படிவம் தயாரித்தார். ஆவடியில் வியாழக்கிழமைதோறும் நடந்த எங்கள் கிளினிக்கில் அதைச் சோதித்துப் பார்ப்பது பிசியோதெரபிஸ்டான என் வேலை.

பத்துக் கேள்விகள். குளிப்பது, தரையில் உட்கார்ந்து எழுவது, கக்கூசில் குந்துவது, பேண்ட் மாட்டுவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே பத்து சென்டிமீட்டர் கோடு. இடது முனை 'சிரமமே இல்லை', வலது முனை 'முடியவே முடியாது'. நோயாளி கோட்டின் மேல் ஒரு குறி போடுவார். நான் ஸ்கேல் வைத்து அளப்பேன்.

கஜபதி சேக்காட்டுக்காரர். வயது முப்பத்தெட்டு. அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டினார்.

"இன்னா சார், நாங்கதான் கம்பெனில அளந்துகினு கீறோம்னா, நீ வலியவே அளக்கிறியா? வெர்னியர் எட்தாரட்டா?"

"ஸ்கேல் போதும் கஜபதி."

சிரித்துக்கொண்டே மளமளவென்று குறி போட்டார். சராசரி இரண்டு.

படிவம் நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அதற்குள் இந்த நோய் பெரிதாக மாறாது. அதனால் விடையும் மாறக் கூடாது.

அந்த இடைவெளியில் கஜபதி ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டார். லேத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், இரும்பு வார்ப்புகளைத் தூக்க வேண்டும். ஸ்டோரில் நாற்காலி உண்டு. முடிவு செய்ய, கம்பெனி டாக்டர் எங்கள் அளவுகளைக் கேட்டார்.

இரண்டாம் முறை மனைவி சுசீலாவும் கூட வந்தார். இம்முறை சராசரி ஏழரை.

"போன தடவை குளிக்கறதுல சிரமமே இல்லன்னு போட்டீங்க?"

"தெனமும் குளிக்கிறேனே சார்."

"அவரா குளிக்கிறாரு?" என்றார் சுசீலா. "ஊத்துறது நானு, முதுவு தேய்க்கிறது நானு. பேண்ட நான் மாட்டி வுடறேன். கக்கூஸ்லேந்து கைய குடுத்துத் தூக்கறதும் நாந்தான். துரைக்கு இன்னா சிரமம்? நேத்து ராவு சண்ட போட்டதுக்கப்புறம்தான் ஒழுங்கா போட்டுக்கீறாரு."

கஜபதியால் கழுத்தைத் தனியாகத் திருப்ப முடியாது. உடம்போடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊட்ல எல்லாம் நடக்குதுல்ல சார். நடக்குதுன்னா நடக்குதுன்னுதானே போடணும்?"

'குளிக்க முடிகிறதா' என்று நாங்கள் கேட்டிருந்தோம். அவர் தினமும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். பழைய படிவங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். எக்ஸ்ரே ஒரே மாதிரி இருந்தும், வீட்டில் மனைவியோ அம்மாவோ இருந்த ஆண்களுக்கெல்லாம் குறைந்த எண். பெண்களுக்கு அதிகம். அவர்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பத்துக் கேள்விகளிலும் 'பிறர் உதவியின்றி' என்று சேர்த்தோம்.

இரண்டு அளவுகளையும் இணைத்து, தவறு எங்களுடையது, இரண்டாவதுதான் சரி என்று கம்பெனி டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். அவர் போன் செய்தார்.

"ரெண்டு வாரத்துல மாறாத நோய்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எண் மட்டும் எப்படி மாறிச்சு? மாற்றல் கேட்டதுக்கு அப்புறம்தானே?"

"வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார்."

"ஆதாயம் எதுவும் இல்லாதப்ப போட்ட குறியைத்தான் நான் நம்புவேன்."

மாற்றல் கிடைக்கவில்லை.

பூட்டிய முதுகெலும்பு வெளிப்பார்வைக்குக் கம்பி. உள்ளே சுண்ணாம்புச் சத்து வற்றி, சாக்பீஸ் போல ஒடியும். ஐந்தாம் மாதம், தரையில் கிடந்த வார்ப்பை எடுக்கக் குனிய முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தவர் விழுந்தார். கழுத்தில் ஒடிந்தது. கை கால் விளங்காமல் போயின.

திருத்திய படிவத்துக்கு மிக மோசமான நிலையில் இருப்பவர்களின் விடைகளும் வேண்டும் என்றார் லோகநாதன். அது சரிதான், கோட்டின் வலது முனையையும் சோதிக்காமல் அளவுகோலை நம்ப முடியாது. சேக்காட்டுக்குப் போனேன்.

கஜபதி கட்டிலில் கிடந்தார். முதல் கேள்வியைப் படித்தேன். "பிறர் உதவியின்றி உங்களால் குளிக்க..."

சுசீலா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இத்த அந்த கம்பெனி டாக்டருக்கு அனுப்புவியா சார்?"

"இல்லம்மா. இது ஆராய்ச்சிக்கு. இனிமே வர்றவங்களுக்கு உதவும்."

அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டிலின் மறுபக்கம் போய், கணவரின் தோளுக்கடியில் கையை நுழைத்தார்.

"கேக்கறத சீக்கிரம் கேளு சார். இவர பொரட்டிப் போடற நேரம்."