கரண்டியால் நட்ட கீரை

எங்கள் ஊரில் யாராவது செத்துப்போனால், அழுகிறவர்களுக்கு அடுத்தபடியாகக் கஷ்டப்படுகிறவள் நான்தான். மேட்டுக் கடைசி வீட்டிலிருந்து ஓடைக்கரை வரை நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஊர்த்தலைவி அம்மாவின் கட்டளையைச் சொல்ல வேண்டும். "பிணம் அடக்கமாகுற அன்னிக்கு ஒருத்தரும் மண்ணைக் கிளறக் கூடாது. கிளறினா ஆலங்கட்டி விழும்." பதினோரு வருஷமாக இதைச் சொல்கிறேன். கேட்காமல் மண்வெட்டி எடுத்தவர்களைத் தலைவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியும் இருக்கிறேன், என் சொந்த நாத்தனார் உட்பட. மாலிசேபோ வருகிறாள் என்றால் லெசோத்தோவின் இந்த மலைச்சரிவில் கொஞ்சம் பயப்படுவார்கள். அதில் எனக்கு ரகசியமான சந்தோஷம் உண்டு.

அப்படிப்பட்ட நான் ஒருநாள் குற்றவாளியாக நின்ற கதை இது. காரணம் என் பக்கத்து வீட்டு லெபுசா.

லெபுசா பத்தொன்பது வருஷம் எல்லை தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபோது நுரையீரல் முழுக்கத் தூசி. குனிந்தால் மூச்சு நின்றுவிடும், நாற்பது அடி நடந்தால் உட்கார வேண்டும். வயல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அவரால் வேலிக்கு வெளியே கூடப் போக முடியாது. முதல் ஆறு மாதம் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். அவர் மனைவி மாகெனுவே என்னிடம் வந்து, "அக்கா, இவரு உசிரோட இருக்காரு, ஆனா வீட்ல இல்ல" என்று அழுதிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் மருந்து வாங்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு கல்தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இடுப்பளவு உயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கி, உள்ளே மண் நிரப்பி, ஒரு பக்கம் ஆள் நுழையச் சின்ன வழி விட்டு, நடுவில் குச்சியால் ஒரு கூடை நட்டு வைப்பது. சமையல்கட்டுக் கழிவும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்தக் கூடைக்குள் போகும். அங்கிருந்து செடிகளுக்கு ஊறும். குனியவே வேண்டாம். நின்றுகொண்டோ, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டோ தோட்டம் போடலாம்.

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எங்களிடம் வயல் உழுவது ஆணுக்கு, வீட்டுக் கீரை பெண்ணுக்கு. போதாக்குறைக்கு அந்தக் கல்வட்டம் அச்சு அசலாக ஒரு சமாதி மாதிரி இருந்தது.

"என்ன லெபுசா, முன்னாடியே கட்டி வச்சிக்கிறியா?" என்று குதிரைமேல் இருந்தபடி கேட்டார் ரசெகோவாய். ஊரிலேயே பெரிய மக்காச்சோள வயல் அவருடையது. வாயும் அந்த அளவுக்குப் பெரியது.

"ஆமாண்ணே. உங்களுக்கும் சேத்துத்தான் அகலமாக் கட்டுறேன்" என்றார் லெபுசா, கல்லின் மேல் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு நாளைக்கு ஏழு கல். அதற்குமேல் அவர் உடம்பு ஒத்துக்கொள்ளாது. பழைய தகர டப்பா, எலும்பு, சாணம், சாம்பல், மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு முடிக்க நான்கு மாதம் ஆனது.

முதல் வருஷம் ஒன்றும் உருப்படவில்லை. நடுக்கூடைக்கு ஓடைக்கரை வில்லோ மரத்தில் பச்சைக் குச்சிகளை வெட்டி வரச் சொல்லி ஊன்றிவிட்டார். அவை வேர் பிடித்துத் துளிர்த்தன! தோட்டத்துக்கு நடுவில் ஒரு வில்லோ காடு நின்றுகொண்டு ஊற்றின தண்ணீரையெல்லாம் குடித்தது. சுற்றி இருந்த முட்டைக்கோஸ் சுருங்கிச் செத்தது. அத்தனையையும் பிடுங்கிவிட்டுக் காய்ந்த குச்சி வைத்தார். அடுத்து மாகெனுவே துணி துவைத்த சோடாத் தண்ணீரைப் பாசத்தோடு கொண்டுபோய் ஊற்றினாள். பீட்ரூட் மஞ்சளாகிப் போனது. மிஞ்சியதை என் கோழிகள் தின்றன. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"கோழி தின்னுச்சுன்னா இலை நல்லா இருந்திருக்குன்னு அர்த்தம்" என்றார் அவர். "ருசி தெரியாத கோழியா உன்னோடது?"

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். நானாக இருந்தால் கோழியின் கழுத்தைத் திருகியிருப்பேன்.

இரண்டாம் வருஷம் தோட்டம் அவர் சொன்னபடி கேட்டது. எங்களுக்குக் குளிர்காலமான ஜூன் மாதம் மலையுச்சி முழுக்கப் பனி வெள்ளையாகக் கிடக்க, எல்லோர் வீட்டுக் கீரையும் உறைபனியில் கருகிப்போயிருக்க, லெபுசாவின் கல்வட்டத்தில் கீரை கை அகலத்துக்கு விரிந்து நின்றது. கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி மண்ணுக்குச் சூடு கொடுத்ததாம். கேரட் மட்டும் இரண்டு கால் முளைத்துக் கோணல்மாணலாக வந்தது. மண்ணில் டப்பா அதிகம். அதையும் அவர் பெருமையாகத்தான் காட்டினார். காலையில் எழுந்து, போர்வையைத் தோளில் போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி வாசலைத் தாண்டி ஒன்பது அடி நடப்பார். அந்த ஒன்பது அடியைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும்.

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. நவம்பரில் பெய்ய வேண்டியது டிசம்பரிலும் வரவில்லை. பள்ளத்தாக்கு வயல்களில் மட்டும் மக்காச்சோளம் எப்படியோ தாக்குப் பிடித்துக் கதிர் விட்டது. வீட்டுத் தோட்டங்கள் எல்லாம் பொடிமண். பாத்திரம் கழுவின தண்ணீரில் வாழ்ந்த லெபுசாவின் கீரை மட்டும் பச்சை.

ஜனவரியில் கிழவர் மொகோனே இறந்தார். சனிக்கிழமை அடக்கம். நான் வழக்கம்போல வீடு வீடாகப் போய்க் கட்டளை சொன்னேன். சாவு வீட்டில் மாடு அடித்தார்கள், களிக்கு மாவு இருந்தது, ஆனால் கீரை இல்லை. இருநூறு பேருக்கு வெறும் களியும் கறியும் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு மானம் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லெபுசா என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் தோட்டம் முழுவதையும் அறுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா? உங்களுக்கு?" என்றேன்.

"மொகோனே பெரியப்பா என் கல்யாணத்துக்கு ராப்பகலா ஆடினாரு. கூடையைப் புடி, மாலிசேபோ."

ஏழு கூடை. நான்தான் சுமந்தேன்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் தின்று எழுந்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீர் அண்டா அண்டாவாக நின்றது. குடிக்கவே தண்ணீர் இல்லாத காலத்தில் அதை ஓடையில் கொட்டவா? இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு லெபுசா வீட்டுக்குப் போனேன். அவர் மீன் டப்பாக்களில் வளர்த்த நாற்றை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தண்ணி இன்னிக்குத்தான் கெடைக்கும்" என்றார். "நாளைக்கு நட்டா, ஈரம் இருக்காது. நான் மண்வெட்டி எடுக்கல. கரண்டிதான்."

கையில் சோறு தின்னும் கரண்டி. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதைத்தான். ஆனால் அந்த மனிதர் முந்தின நாள்தான் தன் தோட்டத்தை மொட்டையடித்துச் சாவுக்குக் கொடுத்திருந்தார். நான் வாளியைச் சாய்த்துக் கூடைக்குள் ஊற்றினேன். அவர் கரண்டியால் குழி பறித்து நட்டார். சாலையில் ரசெகோவாய் குதிரையில் போனார், எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை மதியம் வானம் கறுத்தது. மழை என்று ஊரே வாசலுக்கு ஓடிவந்தது. விழுந்தது ஆலங்கட்டி. கால்மணி நேரம். நின்றபோது பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் என்று ஒன்று இல்லை, வெறும் தட்டைகள் நாராகத் தொங்கின. லெபுசாவின் நாற்றும் கூழாகிப் போயிருந்தது.

புதன்கிழமை தலைவி வாசலில் ஊர்க்கூட்டம். லெபுசாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. மாகெனுவே வந்து ஓரமாக நின்றாள். ரசெகோவாய் எழுந்தார்.

"அம்மா, அடக்கத்தன்னிக்கு லெபுசா நட்டான். என் கண்ணால பாத்தேன். ஊரே இப்ப பட்டினி. அந்தக் கல்லைப் பிரிச்சுப் போடணும். இல்லன்னா அடுத்த சாவுக்கும் நடுவான்."

பலர் தலையாட்டினார்கள். நஷ்டப்பட்டவர்களுக்கு ஏதாவது ஒன்றை உடைத்தாக வேண்டும். "அது வயலே இல்ல, பெரிய பானை" என்றான் ஒருவன். "பானைக்குள்ள இருக்கறது மண்ணுதானேடா!" என்றான் இன்னொருவன். தலைவி கையை உயர்த்தினார்.

"மாகெனுவே, நீ என்ன சொல்ற?"

"அவரு நட்டது நெசந்தான்மா" என்றாள் அவள். "ஆனா அந்தக் கல்லை எடுத்தீங்கன்னா அவரு மறுபடியும் கட்டில்ல போய்ப் படுத்துருவாரு. இந்தத் தடவ எந்திரிக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்."

தலைவி என் பக்கம் திரும்பினார். "கட்டளை சொல்றவ நீ. நீ பாத்தியா?"

நான் பொய் சொல்லிப் பிழைத்தவள் இல்லை. வாயை மூடிக்கொண்டு பிழைத்தது உண்டு. அன்று அதுவும் முடியவில்லை.

"பாத்தேன்மா. பாத்ததோட நிக்கல, தண்ணி ஊத்துனதே நான்தான்."

கூட்டம் சலசலத்தது. என் நாத்தனார் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பிரிக்கணும்னா பிரிங்க. ஆனா அது என்ன தண்ணி தெரியுமா? சாவு வீட்ல நாம தின்ன தட்டைக் கழுவின தண்ணி. இருநூறு தட்டு. யாரு தட்டு அதுல இல்ல, சொல்லுங்க பாப்போம்! அந்தத் தட்டுல இருந்த கீரை யாரு கீரை? நம்ம ஊரு மானத்தைக் காப்பாத்த ஒரு நோயாளி தன் வீட்டுக்கு ஒரு இலை வைக்காம அறுத்துக் குடுத்தாரு. ரசெகோவாய் அண்ணே, நீங்க மூணு தட்டு. நான்தான் போட்டேன். நாலாவதுக்குக் கையை நீட்டுனீங்க, சட்டி காலி."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு இருமுவது போல மறைத்தார்கள். ரசெகோவாய் சிரிக்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவி சொன்னார்: "கரண்டியும் மண்வெட்டிதான். தப்பு தப்புதான். மாலிசேபோ, அடுத்த அறுப்பு வரைக்கும் நீ கட்டளை சொல்லப் போக வேணாம். உன் நாத்தனா போகட்டும். அந்தக் கல்லு இருக்கட்டும். சாவுக்குச் சோறு போட்ட இடத்த இடிக்கிற ஊருன்னு பேரெடுக்க எனக்கு இஷ்டமில்ல."

என் பதினோரு வருஷம் அப்படிப் போனது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மாகெனுவே வழி முழுக்க என் கையை விடவில்லை.

மறுநாள் காலை குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ரசெகோவாய், இரண்டு குதிரைகளோடு லெபுசாவின் வேலியருகே நின்றார். இந்த ஆள் தலைவி பேச்சையும் மீறி இடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையில் கிடைத்த துடைப்பத்தோடு ஓடினேன். லெபுசா உடைந்த நாற்றுகளைக் கல்வட்டத்திலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ரசெகோவாய் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அதுவே ஆச்சரியம்.

"லெபுசா, வீட்டுக்குள்ள இன்னும் நாத்து இருக்கா?"

"கட்டிலுக்கு அடியில அறுபது டப்பா இருக்கு."

"உறைபனி விழ இன்னும் நாலு மாசம். வயலு போச்சு. எம் பொண்டாட்டி வாசல்ல கல்லைக் குமிச்சு வச்சிருக்கா, எங்க போடணும், எப்படி அடுக்கணும்னு தெரியல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வந்து காட்டு."

"அண்ணே, நான் வேலியத் தாண்டி ரெண்டு வருஷமாச்சு."

"அதான் குதிரை கொண்டாந்திருக்கேன். சாதுக் குதிரை. மூச்சு வாங்கினா அது நிக்கும்."

லெபுசா குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாகெனுவேயைப் பார்த்தார். அவள் உள்ளே போய் அவருடைய நல்ல போர்வையைக் கொண்டுவந்து தோளில் போட்டு, விலகாமல் ஊக்கு மாட்டிவிட்டாள். ரசெகோவாய் தன் கைகளைக் கோத்து அவர் காலுக்குப் படியாக வைத்தார். சமாதி கட்டுகிறாயா என்று கேட்ட அதே மனிதர். லெபுசா மேலே ஏறி உட்கார்ந்து, மூச்சு சீராகும் வரை பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்தார். வேலிக்கு வெளியே ஊர் எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார்.

ரசெகோவாய் வீட்டோடு முடியவில்லை. வழியில் ஒருத்தி மறித்து, "எங்க வாசலையும் பாத்துட்டுப் போங்கண்ணே" என்றாள். அடுத்த வீட்டில் இன்னொருத்தி. வெயில் உச்சிக்கு வந்தபோது குதிரை ஓடைக்கரைப் பக்கம் தெரிந்தது. அவர் குச்சியை நீட்டி எதையோ காட்ட, கீழே நாலைந்து பேர் கல்லோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் மாகெனுவே வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே. அவள் அடுப்புக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தை மேலாடையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து துணியை விலக்கினேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"களி ஆறிப்போச்சுக்கா" என்றாள். "இந்த மனுசனை இன்னும் காணோம்."