வெள்ளச்சி துப்பிய பச்சை உருண்டை

பசியில்லாத குதிரை எதற்காகப் புல்லைக் கவ்வுகிறது?

காலையிலிருந்து அத்தாயியை இந்தக் கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. வெள்ளச்சி தீனி தின்று மூன்று நாள் ஆகிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனாலும் புல்லைக் காட்டினால் ஆவலாக வாயை நீட்டுகிறது. நாலு தரம் மெல்லுகிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. பிறகு பச்சை உருண்டையாகக் கீழே துப்பிவிடுகிறது.

வெள்ளச்சி போனால் வீட்டில் அடுப்பும் போனது. யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்கள் பாதியாகக் குறைந்ததும், அத்தாயியின் புருஷன் குழந்தைவேல் உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டு ஜட்கா வண்டியும் இந்தக் குதிரையும் வாங்கினான். அதற்கு முன் அவன் குடும்பத்தில் ஒருவரும் குதிரையின் வாலைக்கூடத் தொட்டதில்லை. அதனால்தான், வெள்ளச்சி சுணங்கியதும் மாட்டு வைத்தியர் மணியனிடம் ஓடினான்.

மணியன் வந்தார். வெள்ளச்சியின் உதட்டைப் பிதுக்கி முன்பல்லைப் பார்த்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். காலடியில் கிடந்த உருண்டைகளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஏப்பா கொழந்தவேலு, இது அசை போட்டு எத்தன நாளாச்சு?"

குழந்தைவேல் தலையைச் சொறிந்தான். "நானும் அதத்தானுங்க பாக்கறேன். வாங்குன நாள்ல இருந்து போடவே இல்லீங்க."

"அடப்பாவி! ரெண்டு மாசமாவா? கீழ கெடக்கறது பூராம் அசைதான். தவறித் தவறி வெளிய உழுந்திருக்குது."

பக்கத்துத் தோட்டத்து எருதின் வாயிலிருந்து அசையை எடுத்து வெள்ளச்சிக்கு ஊட்டினார் மணியன். வெள்ளச்சி அதை அவர் வேட்டியிலேயே துப்பியது.

"பொழுது எறங்க வாரேன்," என்றார் அவர், வேட்டியை உதறிக்கொண்டே. "வவுத்துல நாலு சூடு இழுத்தாச் செரியாப் போயிரும். இரும்பக் காய வெய்யி."

அவர் தலை மறைந்ததும் அத்தாயி குனிந்து ஓர் உருண்டையை எடுத்துப் பிட்டாள்.

"ஏ புள்ள, அதைப் போயி எதுக்கு நோண்டற?"

"இங்க பாருங்க. உள்ள ரத்தம்."

அரைபட்டும் அரைபடாமலும் இருந்த புல்லுக்குள் சிவப்பாக ஓர் இழை ஓடியிருந்தது.

குழந்தைவேலுக்கு முகம் வெளுத்தது. "வவுத்துல புண்ணா?"

"வவுத்துக்குள்ள போயிட்டு வந்தா இப்படிப் பச்சப் பசேல்னா இருக்கும்? கஞ்சித் தண்ணி வெச்சா ஒரு குண்டா குடிக்குதுங்க. மெல்லறதுக்குத்தான் ஆவுல. நான் வீரண்ணனக் கூட்டிட்டு வாரேன்."

வீரன் கடைவீதியில் லாடம் அடிக்கிறவன். மாட்டுக்கும் அடிப்பான், குதிரைக்கும் அடிப்பான். அத்தாயி மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே போட்டுச் சிரித்தான்.

"குதிர என்னைக்கு அம்மிணி அசை போட்டுச்சு?"

"போடாதுங்களா?"

"சென்மத்துக்கும் போடாது!"

ஆனால் சூடு என்றதும் சிரிப்பு நின்றது. "மூணு நாப் பட்டினிக்கு மேல சூட்ட இழுத்தா, படுத்தது எந்திரிக்காது அம்மிணி."

"அப்ப வாயில என்னன்னு வந்து பாருங்க."

"நான் குளம்போட செரி. வாயப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கும்தான் தெரியாது. பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது, வாங்கண்ணா!"

வீரன் பையைத் தோளில் மாட்டினான்.

கொட்டகையில் குழந்தைவேல் வெள்ளச்சியின் தலையைப் பிடித்துக்கொண்டான். வீரன் அதன் நாக்கை எட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளியே இழுத்தான்.

"நாக்கு என் கையில இருக்கற வரைக்கும் கடிக்காது. கடிச்சா மொதல்ல அதோட நாக்குத்தான் போகும். ஆனா என் கை பெருசு, உள்ள போகாது."

அத்தாயி கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். குதிரையின் மூச்சு முழங்கையில் சூடாக அடித்தது.

"முன்பல்லு நல்லாத்தான் இருக்குது... அதுக்கப்புறம் பல்லே காணோம், வெறும் ஈறு... இன்னும் உள்ள போறேன்... கடவாப் பல்லு... ஐயோ!"

கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

"கடிச்சுப் போட்டுதா?" என்று குழந்தைவேல் அலறினான்.

"கடிக்கலீங்க. மேல் கடவாப் பல்லு, வெளி ஓரம் அருவாளாட்டம் வளந்து நிக்குது. கன்னத்துல குழியாப் புண்ணு. மெல்லறப்பெல்லாம் அறுக்குது."

மாட்டுக்கு எல்லாக் குறியையும் முன்பல்லில் பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் வாய்க்குள் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீரன் பையிலிருந்து குறுகலான அரம் ஒன்றை எடுத்து மூங்கில் குச்சியில் இறுகக் கட்டினான். அத்தாயி விரலால் இடம் காட்டினாள். கிர்... கிர்... வெள்ளச்சி பின்காலை உதைத்தது, கொட்டகைக் கால் ஆடியது, குழந்தைவேல் குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம். கடைசியாக அத்தாயி மறுபடி கையை விட்டுத் தடவினாள். மழுங்கியிருந்தது. உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவினார்கள்.

அருகம்புல்லை நனைத்து நீட்டினாள். வெள்ளச்சி கவ்வியது. மென்றது. மூன்று பேரும் அதன் காலடியையே பார்த்தார்கள்.

ஒன்றும் விழவில்லை. தொண்டைக்குள் ஏதோ உருண்டு இறங்குவது கழுத்துக்கு வெளியே தெரிந்தது. அடுத்த கவளத்துக்கு வெள்ளச்சி அத்தாயியின் கையோடு சேர்த்து இழுத்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு மணியன் வந்தார். "இரும்பு காஞ்சுதா?"

அத்தாயி விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். மணியன் கோபிப்பார் என்று குழந்தைவேல் இரண்டடி பின்வாங்கினான். அவரோ குதிரையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு அங்கவஸ்திரத்தை வீரன் தோளில் போட்டுவிட்டு, கையை முழங்கைக்கு மேல் துடைத்துக்கொண்டார்.

"அந்த நாக்கக் கொஞ்சம் புடி வீரா. நானும் ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கறேன். ஆமா அம்மிணி, ஈறு முடிஞ்சு எத்தனாவது பல்லு?"

அவள் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே சரசரவென்று சத்தம். கையிலிருந்த புல் தீர்ந்துபோய், வெள்ளச்சி கூரையில் வேய்ந்திருந்த சோளத்தட்டை உருவிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, கூரையப் புடுங்குதுடி!"

"புடுங்கட்டும் உடுங்க," என்றாள் அத்தாயி.