ஊதா நாக்கு

...உதட்டை மட்டும் அசைத்து வாசித்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் 'இசையாஸ் ஆகமத்திலிருந்து வாசகம்' என்று ஆரம்பிக்கும்போதே வாய் திறந்துவிடுமே, பிலோமினம்மாள் முன்வரிசை பெஞ்சில் கைக்குட்டையை வாயில் வைத்தபடி யோசித்தாள், நுனி நாக்கில் பச்சரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புண், நேற்று சிராங்கூன் ரோட்டு கிளினிக்கில் நர்ஸ் ஜரீனா ஊதா மருந்தைத் தடவியது என்னவோ அந்த இடத்தில்தான், இப்போது நாக்கு முழுக்க நாவற்பழம் தின்ற மாதிரி... உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று, காரமான மிளகாய்ச் சம்பலை நிறுத்தியாயிற்று, கோப்பியைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தாள், ஒரு வாரமாக இந்தப் பாடு. "பேசாம அல்போன்சம்மாள வாசிக்கச் சொல்லு லா," தோ பாயோ வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது புருஷன் அருளானந்தம் சொன்னார். சொல்லுவார், அவருக்கென்ன! இந்தக் கோயிலில், எழுபத்தாறாம் வருஷத்தில், தமிழ்ப் பூசையில் பீடத்தருகே ஏறி வாசித்த முதல் பொம்பிளை யார்? பொம்பிளை வாசிப்பதா என்று மீசையை முறுக்கியவர்களை வாயடைக்க வைத்தது யார்? அதை ஒரு புண்ணுக்காகத் தாரை வார்ப்பதா? பின்னாலிருந்து அல்போன்சம்மாள் குனிந்தாள். "அக்கா, வாய் வலிக்குதா? வேணும்னா நான் போறேன்." அக்கறைதான், ஆனால் ஒரு கண் மைக்கின்மேல். பிலோமினம்மாள் முடியாதென்று தலையை ஆட்டினாள், எழுந்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

வாசித்தாள், ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது, பாட்டுக் கூட்டத்துப் பெண்கள் ஊதா வாயைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள், பார்க்கட்டும், வழக்கமாகப் பூசையில் தூங்கும் மரியஅந்தோணிகூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாரே, நெஞ்சு நிறைந்து போனது அவளுக்கு... நற்கருணை அப்பம் வாங்க முழந்தாளிட்டபோதுதான் உறைத்தது, அடடா, இனி நாக்கை நீட்டவேண்டுமே, பூசை வைக்கிற சாமிக்கு நேராக! வாசகம் வாசித்தவள் நன்மை அப்பம் வாங்காமல் எழுந்து போனால் என்ன பாவம் செய்தாளோ என்று ஊரே பேசும். ஆமென் சொன்னாள், நீட்டினாள், பாதியல்ல, முழு நாக்கையும். சாமியின் கை ஒரு கணம் நின்றது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், கிளினிக் மருந்து சாமி என்று சொல்லலாமென்றால் சொல்லவேண்டிய நாக்கு வெளியே இருக்கிறது... அப்பம் வந்து விழுந்தது, தலை குனியாமல் எழுந்து வந்தாள்.

பெஞ்சில் வந்து கண்ணை மூடினாள், வாசிக்கும்போது வலிக்கவே இல்லையே, இப்போதல்லவா விண்ணென்று தெறிக்கிறது... போன மாதம் கன்னத்தின் உட்புறம், ஈஸ்டருக்கு மேலுதட்டில், அவள் முறை வருகிற வாரமாகப் பார்த்துத்தானே வருகிறது, சூடு என்றாள், சம்பல் என்றாள், நேற்று ஜரீனா "ஏதாச்சும் பயம், கவலை இருந்தாலும் வரும்க்கா" என்றபோது "எனக்கா?" என்று சிரித்துவிட்டு வந்தாளே. பயமா, பிலோமினம்மாளுக்கா? பூசை முடிந்து வாசலில் நின்ற சாமி, அடுத்த மாசம் யார் வாசிக்கிறீங்க என்று கேட்டார், அல்போன்சம்மாள் வாயைத் திறப்பதற்குள் "நான்தான் சாமி" என்று முந்திக்கொண்டாள், நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னாள், சொன்ன கையோடு கீழுதட்டின் உட்புறம் லேசாக எரிகிற மாதிரி இருந்தது, நிஜமா, வெறும் நினைப்பா, யாரும் பார்க்காதபோது நாக்கால் தடவிப் பார்த்தாள்.