கம்பிக்கு மேலே கைமாறிய குழந்தை

லாகோஸில் எங்கள் தெருவின் பின்முனைக்கு இரும்புக் கேட் போட வைத்தவள் அபோசெடே. ஆட்டோக்கள் குறுக்கே பாய்கின்றன, பிள்ளைகள் விளையாட முடியவில்லை என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். கேட் வந்தது, உச்சியில் ஈட்டிக் கம்பிகள், நடுவில் பெரிய பூட்டு. ஆட்டோ எதுவும் தெருவுக்குள் வரக் கூடாது என்று தெருச் சங்கமும் சொல்லிவிட்டது. அவளுடைய அடுத்த வீட்டு ரசாக்கி, தன் ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு முன்முனை வழியாகச் சுற்றி நடந்து வர வேண்டியதாயிற்று.

"மகாராணி, அரண்மனைக்குள்ள வரலாமா?" என்று அவளைச் சீண்டுவான். அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

ஜூலை மழையில் கால்வாய் உடைந்து முன்முனை மூழ்கிய அன்று, அவள் மகள் மொரெனிகேவுக்கு மூச்சிரைப்பு வந்தது. மருந்தை உறிஞ்சியும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். நாங்களும் ஓடினோம். சாவி வைத்திருந்த சங்கச் செயலாளர் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார்; போனை எடுக்கவில்லை. பூட்டைக் கல்லால் அடித்தோம். நசுங்கியது, திறக்கவில்லை.

வெளியே ரசாக்கி ஆட்டோவுக்குள் மழைக்கு ஒதுங்கியிருந்தான்.

"ரசாக்கி! எம்புள்ளைக்கு மூச்சு வரலப்பா!"

அவன் பாய்ந்து வந்து கேட்டில் ஏறினான். "மெத்தை கொண்டாங்க! கம்பி மேல போடுங்க! சீக்கிரம்!"

தச்சர் சிகிருவின் தோளில் ஒருவர் ஏறிக் குழந்தையைத் தூக்கிக் கொடுக்க, ரசாக்கி வாங்கிக்கொண்டான். அபோசெடேயும் ஏறினாள், வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. எழ முடியவில்லை.

"நேரமில்லக்கா. யாராவது புள்ளைய மடியில வச்சுக்க வாங்க!"

நான் ஏறிக் குதித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் சேற்றில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கேட்டை அறைந்துகொண்டிருந்தாள்.

முதல் மருத்துவமனையில் ஆக்சிஜன் இல்லை என்றார்கள். ரசாக்கி கெஞ்சினான், திட்டினான், மறுபடியும் வண்டியை எடுத்தான். என் மடியில் குழந்தையின் தலை தொய்ந்தது.

"குட்டி மகாராணி, கண்ண மூடாதம்மா. மாமா ஹாரன் அடிக்கிறேன், கேளு." அழுதுகொண்டே ஹாரனை விடாமல் அடித்தான்.

அடுத்த இடத்தில் நர்ஸ் ஒருத்தி குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கதவு மூடியது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

பொழுது சாயும்போது அபோசெடே வந்தாள். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கழுத்தளவு சாக்கடை நீரைக் கடந்து வந்திருந்தாள். ரசாக்கியைக் கண்டதும் அவன் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள்.

"இப்ப எதுவும் வேணாம்க்கா," என்றான். "உள்ள போ. முழிச்சதிலேருந்து உன்னத்தான் கேக்கறா."